மூச்செடுக்க மேலே வரும் மீன்

கண்ணாடித் தொட்டிக்குள் மீன் அடியில்தான் கிடந்தது. பால்சாமி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வயிற்றை மணலில் அழுத்தி, முன்துடுப்பு இரண்டையும் கைகளைப்போல ஊன்றி, தலையை லேசாக உயர்த்தி, தவழ்கிற குழந்தை பாதியில் நின்றுவிட்டதைப்போல அது அசையாமல் இருந்தது. அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது.

பொளக்.

தண்ணீரின் மேல்மட்டத்தில் ஒரு வாய் திறந்து, காற்றை ஒரு மடக்கு விழுங்கி, மூடிக்கொள்கிற சத்தம்.

மூன்று வாரமாக அவருக்குப் பழகிப்போன சத்தம்தான் அது. விரல் நீளமே இருந்த அந்த மீன் அவ்வப்போது விருட்டென்று மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டு இறங்கும். ஆனால் இப்போது அது மேலே வரவில்லை. தொட்டித் தண்ணீரில் சின்ன வட்டம்கூட இல்லை. சத்தம் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து, அடுக்களைப் பக்கமிருந்து வந்திருந்தது.

பகல் மணி இரண்டே கால். பாளையம்பட்டியில் அந்நேரத்துக்குத் தெருவில் நாய்கூட நடமாடாது. வீட்டில் அவரைத் தவிர ஆள் இல்லை. எழுந்து போய்ப் பார்த்தார். அடுக்களையில் நாலு குடமும் ஒரு நீல டிரம்மும் இருந்தன. குழாயில் பத்து நாளைக்கு ஒரு முறைதான் தண்ணீர் வரும் என்பதால் எல்லா வீட்டிலும் இருப்பது போலத்தான். டிரம்மின் மூடி ஒருபக்கமாக விலகியிருந்தது. எட்டிப் பார்த்தார். உள்ளே, இருட்டில், தண்ணீரின் நடுவில் ஒரு வட்டம் விரிந்து விரிந்து, பிளாஸ்டிக் சுவரைத் தொட்டு அடங்கியது.

பல்லி விழுந்திருக்கும் என்று நினைத்தார். கையை விட்டுத் துழாவினார். பல்லி இல்லை.

*

அவர் மனைவி முருகேஸ்வரி இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. நுரையீரல் காய்ந்த பழம் போலச் சுருங்கிக்கொண்டே போகிற நோய். கடைசி ஒன்றரை வருடமும் உள்ளறைக் கட்டிலில்தான் கிடந்தாள். மூக்கில் குழாய், கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின். மெஷினோடு ஒரு தண்ணீர்ப் புட்டி இருக்கும். காற்று அதன் வழியாகக் குமிழியிட்டுப் போகும். ராவும் பகலும் அந்தக் குமிழிச் சத்தமும், அதற்கு மேலே அவள் மூச்சை இழுக்கிற சத்தமும்தான் வீடாக இருந்தது. மரப்பெட்டியை மண்தரையில் இழுப்பது போன்ற ஓசை. இழுத்து, நின்று, மறுபடி இழுக்கும்.

அவள் போன பிறகு வீடு அடங்கிவிட்டது. பால்சாமிக்குத் தூக்கம் போயிற்று. பந்தல்குடிப் பக்கம் இருந்த நாலு ஏக்கர் கரிசலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, உள்ளறைக் கதவைச் சாத்திவிட்டு, முன்னறை நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். மதுரையில் இருந்த மகள் கனகா வாராவாரம் வந்து பார்த்துவிட்டு அழுதுகொண்டே போவாள். ஒருநாள் ரெண்டடிக் கண்ணாடித் தொட்டி ஒன்றைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினாள்.

"வீட்ல ஒரு உசுரு இருக்கட்டும்ப்பா. நீங்க பாக்கணும்னு ஒண்ணு இருந்தாத்தான் எந்திரிச்சு நடமாடுவீங்க."

மணலைக் கழுவிப் போட்டு, ஒளிந்துகொள்ள ஒரு துண்டு பிவிசி பைப்பை வைத்து, மோட்டாரை ஓடவிட்டாள். ஒரு மாதம் வெறும் தண்ணீராகவே ஓடவேண்டும், அப்போதுதான் மீனுக்கு ஒத்துக்கொள்ளும் என்றாள். அந்த ஒரு மாதமும் ஆளில்லாத வீட்டில் விளக்கெரிவது போல மீனில்லாத தொட்டி குமிழியிட்டுக்கொண்டிருந்தது. முதல் நாள் அந்தச் சத்தம் கேட்டதும் பால்சாமி திரும்பி உள்ளறைக் கதவைப் பார்த்தார். அது மெஷின் புட்டியின் சத்தமேதான். ஆனால் அன்று ராத்திரி, நாலு மாதத்துக்குப் பிறகு, அவர் அடித்துப்போட்டாற்போலத் தூங்கினார்.

பிறகுதான் மீன் வந்தது. பிச்சிர் என்று பேர் சொன்னாள். பாம்புக்கும் பல்லிக்கும் நடுவில் ஒன்று போல இருந்தது. முதுகு நெடுக சின்னச் சின்ன முள்துடுப்புகள். கழுத்தின் இரண்டு பக்கமும் நனைந்த கோழியிறகு போல ஏதோ வெளியே நீட்டிக்கொண்டு அசைந்தது.

"அது செவுளுப்பா. குட்டியா இருக்கும்போது மட்டும் வெளிய இருக்கும். வளர்ந்தா உள்ள போயிரும். ஆனா இதுக்கு உள்ள நுரையீரலும் இருக்கு. மேல வந்து காத்தத்தான் குடிக்கும்."

'நுரையீரல்' என்றதும் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று பேச்சை மாற்றினாள். "மூடிய மட்டும் தொறந்து போட்ராதீங்க. வெளிய வந்துரும். தண்ணிய வாய் வரைக்கும் நிரப்பிராதீங்க. மேல நாலு விரக்கடை காத்து இருக்கணும்."

சொன்னபடியே செய்தார். குழாய்த் தண்ணீரைக் குடத்தில் இரண்டு நாள் வைத்து மருந்துவாடை போன பிறகு மாற்றினார். குளியலறைத் தண்ணீர் போகிற வாழையடியைத் தோண்டி, கிடைத்த மண்புழுவை அலசி, பொடிப்பொடியாக நறுக்கினார். மீனுக்குக் கண் சரியாகத் தெரியாது. மூக்கு நுனியில் இருந்த இரண்டு சின்னக் குழல்களால் தண்ணீரைத் துழாவித் துழாவி இரையைத் தேடும். பக்கத்திலேயே கிடந்தாலும் தாண்டிப் போய்விடும். அவர் விரல் நுனியில் புழுவை வைத்துக்கொண்டு கையை உள்ளே விட்டால், வந்து விரலை மோந்து, மெதுவாக வாங்கிக்கொள்ளும். கஞ்சியைக் கரண்டியில் எடுத்து ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் காத்திருந்த நாட்கள் அவருக்கு ஞாபகம் வரும். கண் கலங்கும். அதிலும் ஒரு ஆறுதல் இருந்தது.

அந்த ஆறுதலோடுதான் மூன்று வாரம் போயிருந்தது.

*

டிரம்மில் கேட்ட சத்தம் மறுநாள் குளியலறை வாளியில் கேட்டது. அதற்கும் மறுநாள் வாசலில் மாட்டுக்கென்று முன்பு கட்டிய கல்தொட்டியில். எல்லாம் பகலில்தான். வெயில் ஏறி, ஓடு சூடாகி, மரச்சட்டங்கள் நெரிகிற நேரத்தில். மீன் மேலே வந்து ஒரு பொளக். அது அடங்கி, ஐந்தாறு எண்ணுவதற்குள் வேறெங்கோ ஒரு பொளக். கூப்பிட்ட குரலுக்குப் பதில் வருகிற மாதிரி.

எல்லாப் பாத்திரத்தையும் மூடினார். குடங்களின் மேல் தட்டுகளைக் கவிழ்த்தார். வாளியைக் காலி செய்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கண்ணயர்ந்து எழுந்தபோது தொட்டியில் மீன் இல்லை. பைப்பைத் தூக்கிப் பார்த்தார். மணலைக் கிளறினார். மூடியில் மோட்டார் வயர் போகிற இடத்தில் ஒரு விரல் அகலத்துக்குச் சந்து இருந்தது. அதன் கீழே கண்ணாடியில் ஈரம் வழிந்த தடம். தரையில் அந்தத் தடம் தொடர்ந்து போயிற்று. நாற்காலிக்கு அடியில், அவர் செருப்பைச் சுற்றி, சிமெண்டுத் தரையில் நெளிநெளியாக. போகப் போகக் காய்ந்து, வெறும் தூசிக் கோடாகி, சாத்தியிருந்த உள்ளறைக் கதவில் போய் முடிந்தது.

மீன் அங்கேதான் இருந்தது. கதவுக்கும் தரைக்கும் நடுவில் இருந்த இடுக்கில் மூக்கைக் கொடுத்திருந்தது. உடம்பெல்லாம் தூசி. கழுத்து இறகுகள் ஒட்டிக் காய்ந்து, கருகிய பூவிதழ் மாதிரி இருந்தன. செத்துவிட்டது என்றே நினைத்தார். ஆனால் வாய் திறந்தது. மூடியது. திறந்தது. கதவின் அந்தப் பக்கத்தை மோந்துகொண்டிருந்தது.

ஈரத்துண்டில் எடுத்துத் தண்ணீரில் விட்டார். சிறிது நேரத்தில் இறகுகள் மறுபடி விரிந்தன.

கனகாவுக்குப் போன் போட்டார்.

"ஈரம் இருந்தாக் கொஞ்ச நேரம் வெளிய தாங்கும்ப்பா, பயப்படாதீங்க. அந்தச் சந்த மட்டும் டேப்பு போட்டு அடைச்சிருங்க." பிறகு குரல் மாறியது. "ஏம்ப்பா ஒரு மாதிரி பேசுறீக? நா வரவா?"

"வேணாந்தா. நல்லாத்தான் இருக்கேன்."

அன்று சாயங்காலம் எதிர்வீட்டு மூக்கம்மாள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். படுக்கையில் கிடந்த முருகேஸ்வரியைக் குளிப்பாட்டிவிட்டு, தலை சீவிவிட்டுப் போனவள் அவள்தான்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீக. மதினி மெஷின மறுபடி ஓட விடுறீகளா? மத்தியானமானா மதினி மூச்சு வாங்குற மாதிரியே கேக்குது. எனக்குத்தான் பிரமையோன்னு பேசாம இருந்தேன்."

"அது மீன் தொட்டி மோட்டாரு, மூக்கம்மா."

"அப்பிடியா." அவள் போகாமல் நின்றாள். "குமிழிச் சத்தத்தச் சொல்லலண்ணே."

அவருக்கும் கேட்டிருந்தது. முந்தின நாளிலிருந்து அது தண்ணீரில் வருகிற சத்தமாக இல்லை. தண்ணீரே இல்லாத உள்ளறையிலிருந்து வந்தது. இழுத்து, நின்று, மறுபடி இழுத்தது.

*

வியாழக்கிழமை காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை பராமரிப்புக்காக மின்தடை என்று போனில் செய்தி வந்தது. ஆறு மாதத்துக்கு முன்பும் அப்படித்தான் ஒரு செய்தி வந்தது. அதுவும் ஒரு வியாழக்கிழமை.

இந்த முறை வீட்டைவிட்டு நகர்வதில்லை என்று பால்சாமி முடிவு செய்திருந்தார். காலையிலேயே சோற்றை வடித்து வைத்துவிட்டு, நாற்காலியைத் தொட்டிக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். சரியாக ஒன்பதுக்கு மின்விசிறி தளர்ந்து நின்றது. மோட்டார் நின்றது. கடைசிக் குமிழி மேலே வந்து உடைந்தது.

அதன் பிறகு வீட்டுக்குள் அவர் மூச்சு மட்டும் கேட்டது. கொஞ்ச நேரத்துக்கு.

பத்தரைக்கு வெயில் சன்னலைத் தாண்டித் தொட்டியைத் தொட்டது. தண்ணீர் சூடேறியது. மீன் அடிக்கடி மேலே வரத் தொடங்கியது. பொளக். உள்ளறையில் ஒரு இழுப்பு. பொளக். ஒரு இழுப்பு. அவர் துண்டால் காதைப் பொத்திக்கொண்டார். பொத்தியும் கேட்டது. பதினொன்றுக்கு மீன் மேலும் கீழுமாகப் போய் வந்துகொண்டே இருந்தது. உள்ளே மரப்பெட்டி இழுபட்டுக்கொண்டே இருந்தது.

இது கூப்பிடுவதால்தான் அது பதில் சொல்கிறது என்று அவருக்குத் தோன்றியது.

கொல்லவேண்டும் என்று நினைக்கவில்லை. அதைப் பிற்பாடு தனக்குத்தானே பலமுறை சொல்லிக்கொண்டார். கொஞ்ச நேரம், கொஞ்சமே கொஞ்ச நேரம் அந்தச் சத்தம் இல்லாமல் இருந்தால் போதும் என்றுதான் நினைத்தார். எழுந்து அடுக்களைக்குப் போனார். ஒரு குடத்தைத் தூக்கி வந்து தொட்டியில் ஊற்றினார். இன்னொரு குடம். தண்ணீர் விளிம்பைத் தொட்டு வழிந்தது. கண்ணாடி மூடியை அதன்மேல் அழுத்தி வைத்து, அதற்குமேல் அம்மிக் குழவியை வைத்தார். மேலே ஒரு நூல் அளவுகூடக் காற்று இல்லை.

மீன் மேலே வந்தது. மூக்கு கண்ணாடியில் இடித்தது.

டொக்.

இறங்கியது. வந்தது. டொக்.

பால்சாமி நாற்காலியைத் தெருப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். வெள்ளை வெயிலில் தெரு கண்ணைக் கூசவைத்தது. முதுகுக்குப் பின்னால் டொக், டொக் என்று கேட்டது. பிறகு நிதானமாக, ஒன்றொன்றாக. பிறகு நெடுநேரம் கழித்து ஒன்று. உள்ளறை இழுப்பும் அதோடு சேர்ந்து தளர்ந்தது.

பிறகு ஒன்றுமில்லை.

அந்த அமைதியில் அவர் உடம்பு தளர்ந்தது. தோள் இறங்கியது. கண்ணை மூடி, நாற்காலியில் சாய்ந்து, கொஞ்சம் தூங்கவும் செய்தார்.

விழித்தபோது மணி மூன்று. திரும்பிப் பார்த்தார். மீன் மூடிக்குக் கீழே மல்லாந்து ஒட்டிக்கொண்டிருந்தது. வெளுத்த வயிறு. வாய் கண்ணாடியில் பதிந்து திறந்திருந்தது. கழுத்து இறகுகள் இரண்டும் முழுக்க விரிந்து நின்றன.

பால்சாமி தொட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். வாய்விட்டு அழுதார். ஆறு மாதமாக யாரிடமும் சொல்லாததைச் செத்த மீனிடம் சொன்னார்.

"கரண்டு நின்ன அன்னிக்கு, கேஸு கடையில கூட்டம்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். கூட்டமே இல்ல. போன ஒடனே ஆக்சிஜன் சிலிண்டரக் குடுத்துட்டான். நாந்தேன் பந்தல்குடி ரோட்டு டீக்கடையில போயி உக்காந்தேன். அவ இழுக்குற சத்தம் காதுல இல்லாம ஒரு டீ குடிக்கணும்னு இருந்துச்சு. அவ்வளவுதான். ஒரு டீ குடிச்சேன். இன்னொண்ணு குடிச்சேன். பேப்பர் பாத்தேன். வீட்ல இருந்த சிலிண்டர்ல முள்ளு பாதியில நின்னுச்சு, தாங்கும்னு நெனைச்சேன். வந்து பாக்குறேன், கட்டில விட்டு எறங்கி, கதவு வரைக்கும் வந்து கெடக்கா..."

உள்ளறையில் கட்டில் முனகியது.

யாரோ புரண்டு படுக்கிற முனகல்.

அவர் அழுகை நின்றது. எழுந்தார். ஓடவேண்டும் என்றுதான் கால் சொன்னது. தெருவாசல் திறந்தே கிடந்தது. எதிர்வீட்டுத் திண்ணையில் மூக்கம்மாள் காயப்போட்ட மிளகாய் வற்றல் சிவப்பாகத் தெரிந்தது. பத்து எட்டு வைத்தால் தெரு.

உள்ளறைக் கதவைத் தள்ளினார்.

ஈரமண் வாடை. ஆற்றுப்பாசி வாடை. மெத்தையை எரித்துவிட்டதால் வெறும் நாடாக் கட்டில்தான் கிடந்தது. அதில் முருகேஸ்வரி படுத்திருந்தாள். அதே ஊதாப்பூ நைட்டி. அதே மெலிந்த காறை எலும்பு. அவள் வாய் திறந்தது, மூடியது, திறந்தது. காற்று உள்ளே போகவில்லை. கழுத்தின் இரண்டு பக்கமும், காதுக்குக் கீழே, காய்ந்த ரத்த நிறத்தில் இறகு இறகாகத் தொங்கியது. நுனியெல்லாம் தூசி ஒட்டி, மொறமொறத்துச் சுருங்கிக்கொண்டிருந்தது.

அவள் கண்கள் மிளகளவுக்குச் சிறுத்திருந்தன. அவை அவரைப் பார்க்கவில்லை. முகம் மட்டும் அவர் பக்கம் திரும்பியது. மோந்தது.

"முருகேசு," என்றார் பால்சாமி.

வாய் திறந்தது. மூடியது.

அவர் அடுக்களைக்கு ஓடினார். டிரம்மில் பாதிக்குத் தண்ணீர் இருந்தது. வாளியில் மொண்டு வந்து அவள் கழுத்தில் ஊற்றினார். இறகுகள் நடுங்கி விரிந்தன. சிவந்தன. அவள் நெஞ்சு ஏறி இறங்கியது. தண்ணீர் நாடா இடுக்குகளில் வழிந்து, தரையில் ஓடி, கதவிடுக்கு வழியாக வெளியே போயிற்று. அந்தச் சூட்டில் இறகுகள் கண் முன்னாலேயே மறுபடி காயத் தொடங்கின. இன்னொரு வாளி. இன்னொன்று. டிரம் காலியானது. மிச்சமிருந்த இரண்டு குடங்களும் காலியாயின. வாசல் கல்தொட்டியில் அடியில் கிடந்த பச்சைத் தண்ணீரையும் வழித்து எடுத்தார். குழாயில் தண்ணீர் வர இன்னும் மூன்று நாள்.

கடைசியில் குழவியைக் கீழே தள்ளி, மீன் தொட்டியில் மொண்டார். செத்த மீன் ஒவ்வொரு மொள்ளலுக்கும் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் மணலில் ஒருக்களித்துப் படுத்தது.

கடைசி மொள்ளலில் அரை வாளிதான் தேறியது. அதைச் சொட்டுச் சொட்டாக ஊற்றினார். வலப்பக்கம் கொஞ்சம், இடப்பக்கம் கொஞ்சம். முடிந்தது.

"இரு. இந்தா வந்துர்றேன். மூக்கம்மா வீட்ல ஒரு கொடம் வாங்கிட்டு ஓடியாந்துர்றேன். அஞ்சு நிமிசம்."

அவர் எழுவதற்குள் அவள் கை அவர் மணிக்கட்டைப் பிடித்தது. குட்டையாக, அகலமாக, சில்லென்று வழவழத்த கை. விடவில்லை.

"தண்ணி எடுத்தாறேன்த்தா. சத்தியமா வந்துருவேன்."

பிடி இறுகியது.

வாசலில் மூக்கம்மாளின் குரல் கேட்டது. "அண்ணே? தெரு வரைக்கும் தண்ணி ஓடி வருது, என்ன செய்றீக உள்ள?"

பால்சாமி வாயைத் திறந்தார். மூடினார். கையை இழுத்துப் பார்த்தார். பிறகு இழுப்பதை விட்டுவிட்டு, காலி வாளியைக் கீழே வைத்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அவள் முகம் அவர் மடிப்பக்கம் நகர்ந்து மோந்தது. வாய் திறந்தது. அவள் கழுத்தில் முதல் இறகு காய்ந்து, சருகு போல முறுகி, அவர் முழங்கையின் மேல் உதிர்ந்தது.